எம்.ஓ.யு. தாள் கடைசியில்தான் வர வேண்டும்

புதுச்சேரியிலோ கடலூரிலோ ஒரு கல்லூரி வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு அவசரமாக எம்.ஓ.யு. எனும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போடுகிறது என்றால், பெரும்பாலும் கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் கமிட்டி வரும் நாள் நெருங்கிவிட்டது என்று பொருள். நாக் அளவுகோல்கள் ஏழில் மூன்றாவதில் ஒப்பந்தங்கள் பற்றிய கேள்வி உண்டு. அந்தக் கட்டத்தை நிரப்ப ஒரு கையெழுத்து, ஒரு போட்டோ, நாளிதழில் ஒரு செய்தி என்று வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் அங்கே கேட்கப்படுவது 'செயல்பாட்டில் உள்ள' ஒப்பந்தம். ஆண்டுவாரியாக என்ன நடந்தது, யார் போனார்கள், யார் வந்தார்கள் என்ற ஆவணம் இல்லாவிட்டால் அந்தத் தாளால் பயனில்லை. க்யூஎஸ் உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையை நம்பிப் போடுபவர்களுக்கும் இதே கதைதான். அதில் வெளிநாட்டு ஆசிரியர் விகிதத்துக்கு 5 சதவீதம், வெளிநாட்டு மாணவர் விகிதத்துக்கு 5 சதவீதம், பிற நாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வுக்கு 5 சதவீதம். எம்.ஓ.யு. எண்ணிக்கைக்கு அதில் இடமே கிடையாது.

ஆகவே வேலையின் வரிசையை மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் இரண்டு துறைகள், இரண்டு பேராசிரியர்கள், ஒரே ஒரு செமஸ்டர். அதற்குரிய கிரெடிட் (பாடத்துக்கான உழைப்பை அளக்கும் அலகு) அட்டவணை, நாட்காட்டி, செலவுக் கணக்கு மூன்றும் பேசி முடிந்த பிறகு கையெழுத்து. அப்படித் தொடங்கியவைதான் ஐந்தாண்டு தாண்டியும் உயிரோடு இருக்கின்றன.

அந்தப் பக்கத்தார் நம்மிடம் எதற்காக வர வேண்டும்? இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் வைத்திருக்க வேண்டும். 'எங்களிடம் அனைத்துத் துறைகளும் உள்ளன' என்று எழுதும் கடிதத்துக்குப் பதில் வராது. இந்தக் கரையில் சொல்லிக்கொள்ள நிறையவே இருக்கிறது. புதுச்சேரியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் அதே ஆண்டு இங்கே வந்த பிரான்சின் தூரகிழக்கு ஆய்வுப் பள்ளியின் மையமும் சேர்ந்து பாதுகாக்கும் சைவ ஓலைச்சுவடித் தொகுப்பு, 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், அருகிலேயே பிச்சாவரம் அலையாத்திக் காடு. சுனாமிக்குப் பிந்தைய கரையோரக் குடியிருப்புகள். ஆரோவில்லின் மண் கட்டுமானம். இவற்றில் ஒன்றை எடுத்து, 'எங்கள் துறை இதில் நான்கு வாரக் களப்பயிற்சி தரும், தங்குமிடம் உண்டு, வழிகாட்ட இரண்டு பேர் உண்டு' என்று எழுதினால் அது பேச்சுவார்த்தைக்கு ஏற்ற கடிதம்.

எதிர்ப்பக்கம் யார் என்று சரிபார்ப்பதற்கு அரை நாள் போதும், ஆனால் அந்த அரை நாளைப் பலர் ஒதுக்குவதில்லை. பல்கலைக்கழகத்தின் பெயர் சர்வதேசப் பல்கலைக்கழகச் சங்கம் நடத்தும் உலக உயர்கல்வித் தரவுத்தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு அங்கீகாரம் கொடுத்த முகமை எது என்று பாருங்கள். ஐரோப்பாவானால் அந்த முகமை, தர முகமைகளைப் பட்டியலிடும் ஈகார் (EQAR) பதிவேட்டிலும், அமெரிக்காவானால் சியா (CHEA) பட்டியலிலும் இருக்க வேண்டும். 'சர்வதேச அங்கீகாரக் கவுன்சில்' என்ற மாதிரிக் கம்பீரமான பெயரோடு, கட்டணம் கட்டினால் சான்றிதழும் கௌரவ டாக்டர் பட்டமும் சேர்த்துத் தருகிறோம் என்று வரும் மின்னஞ்சலுக்கும் உயர்கல்விக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அடுத்தது, நாம் யார் என்ற கேள்வி. இணைப்புக் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் இல்லை. புதுவைக் கல்லூரி என்றால் காலாப்பட்டில் உள்ள பல்கலைக்கழகம், கடலூர் மாவட்டக் கலை அறிவியல் கல்லூரி என்றால் சிதம்பரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்று பட்டத்தாளில் பெயர் போடுபவர் வேறு. தன்னாட்சிக் கல்லூரி தேர்வை நடத்தலாம், பாடத்திட்டத்தை மாற்றலாம், பட்டம் பல்கலைக்கழகத்துடையதே. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பிரிவு முதல் மின்னஞ்சலிலேயே இதைக் கேட்கும். கூட்டுப் பட்டம் என்று பேச்சை எடுத்துவிட்டு மூன்று மாதம் கழித்து 'அதற்குப் பல்கலைக்கழகம் கையெழுத்திட வேண்டும்' என்று சொன்னால் நம்பிக்கை போய்விடும்.

பட்டம் சார்ந்த ஏற்பாடுகளுக்கு யுஜிசி எனும் பல்கலைக்கழக மானியக் குழு 2022 மே மாதம் வெளியிட்ட விதிமுறைகள் பொருந்தும். நாக் மதிப்பீட்டில் குறைந்தது 3.01 பெற்ற நிறுவனம், அல்லது மத்திய அரசின் தரவரிசையான என்ஐஆர்எஃப் பல்கலைக்கழகப் பட்டியலில் முதல் 100-க்குள் இருப்பது, அல்லது மத்திய அரசிடம் உயர்புகழ் நிறுவனம் என்ற தகுதி பெற்றது, இவை டைம்ஸ் அல்லது க்யூஎஸ் உலகத் தரவரிசையில் முதல் 1000-க்குள் உள்ள வெளிநாட்டு நிறுவனத்தோடு முன் அனுமதி இல்லாமலே கூட்டுச் சேரலாம். மற்றவர்கள் யுஜிசி ஒப்புதல் வாங்க வேண்டும். 3.01 என்பது 'ஏ' கிரேடு தொடங்கும் புள்ளி, 2.98 வாங்கிய கல்லூரிக்கு பி இரட்டைப் பிளஸ் கிடைக்கும், இந்தக் கதவு திறக்காது. வகைகள் மூன்று. ட்வின்னிங்கில் பட்டம் இந்திய நிறுவனத்துடையது மட்டும், வெளிநாட்டில் எடுக்கும் கிரெடிட் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கூட்டுப் பட்டத்தில் ஒரே சான்றிதழில் இரு நிறுவனங்களின் முத்திரையும் இருக்கும், இரு பக்கமும் தலா 30 சதவீதத்துக்குக் குறையாமல் படிக்க வேண்டும். இரட்டைப் பட்டத்தில் இரண்டு நிறுவனங்களும் ஒரே பாடத்தில், ஒரே நிலையில் தனித்தனிப் பட்டம் தரும்; இந்திய நிறுவனத்தில் 30 சதவீதமாவது முடித்திருக்க வேண்டும். தொலைநிலைக் கல்விக்கும் ஆன்லைன் படிப்புக்கும் இந்த விதிகள் பொருந்தா. 'எங்கள் பாடத்திட்டத்தை நீங்கள் நடத்துங்கள், சான்றிதழ் நாங்கள் தருகிறோம்' என்ற ஃபிரான்சைஸ் முறைக்கு, நேராகவோ மறைமுகமாகவோ, அனுமதியே இல்லை. முதன்முறை இறங்கும் கல்லூரி இந்த மூன்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு செமஸ்டர் பரிமாற்றத்தில் தொடங்குவது நல்லது.

இனி கிரெடிட் அட்டவணை. பெரும்பாலான ஒப்பந்தங்கள் விழுவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

நம் தேசிய கிரெடிட் கட்டமைப்பில் ஓராண்டுக்கு 40 கிரெடிட், 1200 மணி நேரம். ஐரோப்பிய முறையில் ஓராண்டுக்கு 60 ஈசிடிஎஸ் (ஐரோப்பியக் கிரெடிட்), ஒவ்வொன்றுக்கும் 25 முதல் 30 மணி நேர உழைப்பு, அதாவது 1500 முதல் 1800 மணி நேரம். பிரிட்டனில் ஆண்டுக்கு 120 கிரெடிட். மணிக்கணக்கை வைத்து மாற்ற ஆரம்பித்தால் நம் ஒரு செமஸ்டரின் 20 கிரெடிட், 600 மணி நேரம், அவர்கள் கணக்கில் 20 முதல் 24 ஈசிடிஎஸ் என்று சுருங்கும். அவர்கள் செமஸ்டருக்கு வேண்டியது 30. அவர்கள் மாணவர் இங்கே வந்து ஒரு முழு செமஸ்டர் படித்தும் ஆறு முதல் பத்து ஈசிடிஎஸ் குறைவாக எடுத்துக்கொண்டு திரும்ப நேரிடும். அதன் பிறகு அந்தத் துறை யாரையும் அனுப்பாது. எனவே 'ஒரு செமஸ்டருக்கு ஒரு செமஸ்டர்' என்ற கொள்கையை ஒப்பந்தத்தின் இணைப்பில் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள். 20-க்கு 30, நம் 4 கிரெடிட் தாள் ஒன்று அவர்களுடைய 6 ஈசிடிஎஸ். இரு பக்கப் பாடத்திட்டக் குழுக்களும் இந்த ஒரு வரியை நிறைவேற்றிவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மீதிப் பாதி மதிப்பெண். பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்தில் மதிப்பெண் 20-க்குப் போடுவார்கள். 10 வந்தால் தேர்ச்சி, 12 ஓரளவு நன்று, 14 நன்று, 16 மிக நன்று. 18 என்பது அரிதிலும் அரிது. நம் தேர்வுப் பிரிவு அதை ஐந்தால் பெருக்கி 100-க்கு மாற்றினால், அங்கே வகுப்பில் முன்வரிசையில் நின்று 14 வாங்கிய பெண்ணுக்கு இங்கே 70 விழும். ஊரிலேயே இருந்த அவளுடைய வகுப்புத் தோழி 88 வாங்கியிருப்பாள். வெளிநாடு போய்வந்ததற்குத் தண்டனையாக ரேங்க் போய்விடும். அடுத்த ஆண்டு நன்றாகப் படிக்கும் எந்த மாணவரும் விண்ணப்பிக்க மாட்டார். சரியான வழி, மதிப்பெண் பரவலை ஒப்பிடுவது. அந்தத் துறையில் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் எத்தனை சதவீதம் பேர் 16-க்கு மேல், எத்தனை பேர் 14-க்கு மேல் என்ற பட்டியலை அவர்களிடம் கேட்டு வாங்குங்கள். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பல இதைத் தயாராகவே வைத்திருக்கும். நம் துறையில் மேல்நிலையில் உள்ள 'ஓ' கிரேடு, 'ஏ பிளஸ்' கிரேடு வாங்கும் சதவீதத்தோடு அதைப் பொருத்தி ஒரு மாற்று அட்டவணை போடுங்கள். அது கல்விக் குழுவில் நிறைவேற வேண்டும். மாணவர் விமானம் ஏறும் முன்பே நிறைவேற வேண்டும் என்பது இன்னும் முக்கியம்.

தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் மென்பொருளில் இன்டர்னல் ஒரு கட்டம், பல்கலைத் தேர்வு ஒரு கட்டம் என்று இரண்டு இருக்கும். வெளியிலிருந்து வருவது ஒரே மதிப்பெண். அதை எங்கே ஏற்றுவது என்று தெரியாமல் முடிவு நிறுத்திவைக்கப்படுவது வழக்கமாக நடப்பது. 'கிரெடிட் மாற்றம்' என்று தனிக் குறியீடு ஒன்றை உருவாக்கச் சொல்லி முன்கூட்டியே கடிதம் கொடுக்க வேண்டும். அங்கே ஒரு தாளில் தோல்வி என்றால் என்ன செய்வது என்பதையும் எழுத வேண்டும். அவர்களுடைய மறுதேர்வு பெரும்பாலும் செமஸ்டர் முடிந்து சில வாரம் கழித்து வரும், அப்போது மாணவர் ஊர் திரும்பியிருப்பார். ஆன்லைனில் எழுதலாமா, அல்லது இங்கே அதற்கு ஈடான தாளை அரியராக எழுதலாமா என்று ஒரு வரி போதும். அந்த வரி இல்லாததால் ஓராண்டு இழக்க நேரிடலாம்.

நாட்காட்டியைப் பொறுத்தவரை, முதுகலை மூன்றாம் செமஸ்டர்தான் வசதி. நம் ஒற்றைப்படை செமஸ்டர் ஜூலையில் தொடங்குகிறது, அவர்களுடையது செப்டம்பரில். போகும் மாணவர் ஜூலை, ஆகஸ்டில் மொழி வகுப்பும் விசா வேலையும் முடிக்கலாம், ஜனவரியில் திரும்பி நான்காம் செமஸ்டர் ஆய்வேட்டில் சேரலாம். நான்காம் செமஸ்டரில் அனுப்பினால் அங்கே முடிவு வர ஜூன், ஜூலை ஆகும். இங்கே ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல் தாமதமாகி பிஎச்.டி. சேர்க்கையோ வேலையோ கைநழுவும். போகும் முன் 'லேர்னிங் அக்ரிமென்ட்' என்ற பாட ஒப்பந்தத்தில் மாணவர், இங்குள்ள பொறுப்பாளர், அங்குள்ள பொறுப்பாளர் மூவரும் கையெழுத்திட வேண்டும். அங்கே போனதும் இரண்டு பாடங்கள் நேரம் மோதி மாறும், அது சகஜம். மாறிய பட்டியலிலும் மூன்று கையெழுத்து வாங்கி வையுங்கள்.

மொழியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரான்சில் அறிவியல் முதுகலை பல ஆங்கிலத்தில் நடக்கின்றன. இளங்கலையும் மொழி, வரலாறு போன்ற கலைப் பாடங்களும் பெரும்பாலும் பிரெஞ்சில்தான், பொதுவாக பி2 எனும் உயர் இடைநிலை மொழித் தேர்ச்சி கேட்பார்கள். ஆரம்பத்திலிருந்து பி2 வரை வர சுமார் 600 மணி நேர வகுப்பு வேண்டும். புதுச்சேரியில் 1889 முதல் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, இந்த வசதி பல ஊர்களுக்குக் கிடைக்காது. மாணவரைத் தேர்ந்தெடுத்த பிறகு சேர்க்காமல், முதலாண்டிலேயே ஒரு வகுப்பாகச் சேர்த்துவிட வேண்டும்.

பணத்துக்கு வருவோம். கல்விக் கட்டணம் பரஸ்பரம் தள்ளுபடி என்பது வழக்கமான ஏற்பாடு: இரண்டு பேர் போனால் இரண்டு பேர் வர வேண்டும். நம் பக்கமிருந்து போக ஆள் இருக்கும், அங்கிருந்து வர ஆள் இருக்காது, மூன்றாம் ஆண்டு கணக்கு இடித்துக்கொண்டு நிற்கும். அதற்குத்தான் அந்த நான்கு வாரக் களப்பயிற்சி. குறுகிய கால மாணவர் இத்தனை பேர் ஒரு செமஸ்டர் மாணவருக்குச் சமம் என்று ஒப்பந்தத்திலேயே விகிதம் எழுதிவிட்டால், பிச்சாவரத்துக்கு வரும் ஒரு குழு நம் மாணவர்களின் பல செமஸ்டர்களுக்கு ஈடாகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் பரிமாற்ற உதவித்தொகைக்கு நாம் விண்ணப்பிக்க முடியாது, ஐரோப்பியப் பல்கலைக்கழகம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, வழக்கமாகப் பிப்ரவரி வாக்கில் கெடு முடியும். ஆகவே நவம்பருக்குள் நம் பக்கத்து இரண்டு பக்கக் குறிப்பு அவர்கள் கையில் இருக்க வேண்டும். அறக்கட்டளை நடத்தும் கல்லூரிக்கு வெளிநாட்டிலிருந்து நிதியுதவி வருமானால் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவும், ஸ்டேட் வங்கியின் புது தில்லி முதன்மைக் கிளையில் கணக்கும் வேண்டும். அந்தப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்க 2020 திருத்தத்துக்குப் பிறகு வழியில்லை. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கூட்டுத் திட்டத்தில் பக்கத்துக் கல்லூரியையும் சேர்த்து எழுதிவிட்டுப் பிறகு அவர்கள் பங்கைக் கொடுக்க முடியாமல் நிற்பது இதனால்தான்.

ஆய்வுக் கூட்டு என்றால் அனுமதிகள் துறைக்குத் துறை மாறும். பரங்கிப்பேட்டைக் கரையிலிருந்து கடல் உயிரி மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப 2002 பல்லுயிர்ச் சட்டப்படி சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். மத்திய அரசு ஒப்புதல் பெற்ற கூட்டுத் திட்டங்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அந்த ஒப்புதல் கையில் இருக்க வேண்டும். மருத்துவக் கல்லூரிகள் நோயாளிகளை வைத்துச் செய்யும் கூட்டு ஆய்வு, நெறிமுறைக் குழுவுக்குப் பிறகு ஐசிஎம்ஆர் எனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வழியாகச் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவுக்குப் போகும். அதற்கான மாதங்களைத் திட்டக் காலத்தில் சேர்க்காதவர்கள் முதலாண்டு நிதியைச் செலவழிக்க முடியாமல் திருப்பித் தருகிறார்கள். கண்டுபிடிப்புக்கான காப்புரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவில் கவனம் வேண்டும்: இந்தியாவில் வசிப்பவர் கண்டுபிடிப்பாளராக இருந்தால், இங்கே விண்ணப்பித்து ஆறு வாரம் ஆகாமல், அல்லது முன் அனுமதி வாங்காமல், வெளிநாட்டில் விண்ணப்பிக்கக் கூடாது. 39-ஆம் பிரிவு. அந்தப் பக்கத்து அலுவலகம் அவர்கள் வழக்கப்படி முதலில் அங்கே தாக்கல் செய்துவிட்டால் நம் உரிமை போய்விடும். ஒப்பந்தத்தில் இந்தப் பிரிவின் எண்ணையே எழுதிவையுங்கள்.

அங்கீகாரத்தில் நிறுவனத்துக்கு உரியது வேறு, படிப்புக்கு உரியது வேறு. நாக் நிறுவனத்தைப் பார்க்கிறது. என்பிஏ எனும் தேசிய அங்கீகார வாரியம் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் ஒவ்வொரு படிப்பையும் தனியாகப் பார்க்கிறது. இந்தியா 2014 ஜூன் 13 அன்று, பொறியியல் படிப்புகளை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் நிரந்தர உறுப்பானது; என்பிஏ முதல் நிலையில் அங்கீகரித்த பி.டெக். படிப்புகளுக்கே அதன் பலன். இரண்டாம் நிலை அங்கீகாரம் வாங்கிய இணைப்புக் கல்லூரி தன் விளம்பரத்தில் 'வாஷிங்டன் உடன்படிக்கைக்கு உட்பட்டது' என்று போட்டால் அது பிழை, ஆஸ்திரேலியாவுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்தான் அதற்கு விலை கொடுப்பார். பிரான்ஸ் அந்த உடன்படிக்கையில் இல்லை. அங்கே பொறியாளர் பட்டத்தைப் பார்ப்பது 1934-இல் அமைந்த சிடிஐ ஆணையம். இந்தியாவும் பிரான்சும் 2018 மார்ச்சில் பட்டங்களை ஒன்றுக்கொன்று ஏற்பதற்குத் தனி உடன்பாடு செய்திருக்கின்றன. மருத்துவத்தில், தேசிய மருத்துவ ஆணையத்துக்கு உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பின் அங்கீகாரம் 2023-இல் பத்தாண்டுக்குக் கிடைத்தது. தனித்தனிக் கல்லூரி அதற்கென்று யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை.

என்பிஏ, அமெரிக்காவின் ஏபெட் போன்ற அங்கீகார முகமைகளின் பார்வைகளில் கல்லூரிகள் விழும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். பாட விளைவுகளையும் (ஒரு பாடம் தர வேண்டிய திறன்கள்) படிப்பு விளைவுகளையும் (முழுப் படிப்பும் தர வேண்டியவை) பொருத்தும் அட்டவணையில் எல்லாக் கட்டத்திலும், மிக வலுவான தொடர்பு என்று பொருள்படும் 3 என்று நிரப்பியிருப்பார்கள். வருபவர் ஒரு வினாத்தாளை எடுத்து, ஏழாவது கேள்வி எந்தப் பாட விளைவைச் சோதிக்கிறது என்று கேட்பார். பதில் இருக்காது. மூன்று ஆண்டுகளாக விளைவு அடைவு குறைந்த ஒரு தாளுக்கு என்ன மாற்றம் செய்தீர்கள் என்பது அடுத்த கேள்வி. பாடத்திட்டக் குழுக் குறிப்பில் அந்த மாற்றம் தேதியோடு இருந்தால் மதிப்பெண் நிற்கும். ஏபெட்டுக்கு ஜனவரி இறுதிக்குள் விண்ணப்பம், ஜூலை 1-க்குள் தன்மதிப்பீட்டு அறிக்கை, செப்டம்பர் முதல் டிசம்பருக்குள் நேரடி வருகை என்பது சுற்று; ஆயத்த வேலையையும் சேர்த்தால் இரண்டாண்டு என்று எண்ணிக்கொள்ளலாம்.

வரும் மாணவருக்கான வேலைகள் சிறியவை, தவறினால் பெரியவை. விடுதியில் வெளிநாட்டவர் தங்கிய 24 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றிய விவரப் படிவம் (2025 வரை 'சி' படிவம் எனப்பட்டது) ஆன்லைனில் ஏற்ற வேண்டும். 180 நாளைத் தாண்டும் விசாவானால் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு. அழைப்புக் கடிதத்தில் எந்த வகை விசா என்று தெளிவாக எழுதாததால், சுற்றுலா விசாவில் வந்து ஆய்வகத்தில் நிற்கும் மாணவர் எல்லோருக்கும் சிக்கல். விடுதிக் காப்பாளருக்கு இந்த இரண்டு படிவத்தையும் ஒருமுறை உட்காரவைத்துக் காட்டிவிடுங்கள், ஏனென்றால் குழு வந்து இறங்குவது பெரும்பாலும் ஞாயிறு இரவாக இருக்கும்.

அலுவலகத்தில், பேராசிரியரின் சொந்த ஜிமெயிலில் கடிதப் போக்குவரத்து நடக்கக் கூடாது. மூன்றாண்டில் பொறுப்பு மாறும், புதியவருக்குப் பழைய பேச்சு எதுவும் கிடைக்காது. கல்லூரி டொமைனில் ஒரு பொது முகவரி, இரண்டு பேருக்கு அணுகல், ஒப்பந்தம் முடியும் தேதியும் அதற்கு ஆறு மாதம் முந்தைய தேதியும் குறித்த ஒரு பதிவேடு, இவை போதும். மூன்றாண்டாக ஒருவரும் போகாத, வராத ஒப்பந்தத்தைத் தானாகப் புதுப்பிக்க விடாமல் ஒரு மரியாதையான கடிதத்தில் முடித்துக்கொள்வது எதிர்ப்பக்கத்துக்கும் நிம்மதி. அப்படி முடிக்கும்போது, ஏற்கெனவே அங்கே படித்துக்கொண்டிருக்கும் மாணவர் தன் செமஸ்டரை முடித்து மதிப்பெண் பட்டியல் வாங்கும் வரை பழைய விதிகளே பொருந்தும் என்ற வரி அந்தக் கடிதத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.